சாரத்தில் ஏறாத எலும்பு

டோர்னி லிண்ட்வாலின் அப்பாவுக்கு ஐம்பது வயதில் சொந்தப் பல் என்று ஒன்றுகூட வாயில் இல்லை. ஹெர்ரிங் மீன் பிடிக்கும் படகில் வேலை பார்த்தவர். ஒருநாள் வலையை இழுக்கும்போது தும்மினார், மேல் பல்செட் கடலில் போய் விழுந்தது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஸ்டேன்சோ தீவே சிரித்தது. மகனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு அப்பா மொறுமொறு ரொட்டியைக் காபியில் ஊறப்போட்டு உறிஞ்சித் தின்றதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் அவன். அப்பாவின் அகலத் தாடை அவனுக்கும் வந்திருந்தது. பதினைந்து வயதில் அதே படகில் பழகிய சிகரெட்டும் வந்திருந்தது.

மீன் குறைந்ததும் டோர்னி படகை விட்டான். தீவுக்கும் கரைக்கும் நடுவே கார்களை ஏற்றிக்கொண்டு போய்வரும் மஞ்சள் ஃபெர்ரியில் சுக்கான் பிடிக்கும் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்தவன் ராக்னர். மேல்தளத்தில் கயிறு கட்டுவது, கார்களை வரிசையில் நிறுத்துவது, ஓயாமல் பேசுவது எல்லாம் ராக்னரின் பொறுப்பு. டோர்னி அதிகம் பேசமாட்டான். பேசாதவன் என்பதாலேயே ஊரில் அவன் சொன்னால் அது உண்மை என்று ஒரு பெயர் இருந்தது.

ஐம்பத்தெட்டாவது வயதில், ஆகஸ்டு மாதத்து இறால் விருந்தில், கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று நாக்குக்கு ஆடியது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து இடது பக்கமாகவே மென்றான். அவன் மனைவி குன்வோர் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். இருநூறு பிள்ளைகளில் எவன் சாப்பிடாமல் தட்டில் ஒளிக்கிறான் என்று தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"என்ன, ஆடு மாதிரி ஒரு பக்கமா அசைபோடுற?"

"ஒண்ணுமில்ல."

"வாயைத் தொற."

திறக்காமலிருக்க முடியுமா? விரலை விட்டு அசைத்துப் பார்த்தவள், அடுத்த வாரமே அவனை நகரத்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே ஈறு வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்வா ஹெட்ஸ்ட்ரோம். முப்பதுகூட ஆகியிருக்காது. கோத்தன்பர்க்கில் மேற்படிப்பை முடித்துவிட்டு வந்து சேர்ந்து கொஞ்ச காலம்தான். ஊசிபோன்ற அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி அவள் ஆழத்தை எண்களாகச் சொல்லச் சொல்ல, உதவியாளர் அன்னெலி எழுதிக்கொண்டாள். கடைவாய்ப்பல் வந்தபோது எண் திடீரென்று பெரிதானது. பிறகு எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டினாள். மற்றப் பற்களெல்லாம் எலும்பில் ஊன்றி நின்றன. அந்த ஒரு பல்லின் பக்கத்தில் மட்டும் கிணறு வெட்டியதுபோல ஒரு கரும்பள்ளம்.

"எலும்பு எங்க போச்சு?" என்றான் டோர்னி.

"ஈறுக்குக் கீழ கிருமி ரொம்ப நாளா குடியிருக்குது. அதோட சண்டை போட்டுப் போட்டு உங்க உடம்பே எலும்பைக் கரைச்சிடுச்சு. இப்படியே விட்டா பல்லு போயிடும். ஆனா பள்ளம் ஒடுங்கலா ஆழமா இருக்கறது ஒரு வகையில நல்லதுதான். சுத்தம் பண்ணிட்டு உள்ள எலும்புத்தூள் வெச்சு மூடிப் பாக்கலாம்."

"யாரோட எலும்பு?" என்று கேட்டாள் குன்வோர்.

இல்வா விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். "இவரோடதையே தாடையில வேற இடத்துலேருந்து சுரண்டி எடுக்கலாம், அதுக்கு இன்னொரு இடத்தைக் கிழிக்கணும். செத்தவங்க தானமாக் கொடுத்தது இருக்கு. மாட்டெலும்பு இருக்கு, உயிர்ச்சத்தெல்லாம் எடுத்துட்டு வெறும் சுண்ணாம்பு மட்டும் விட்டு வெச்சது. ஆலையிலயே செய்யறதும் உண்டு. என் கைக்குப் பழகினது மாட்டெலும்பு."

"மாடுன்னா பரவாயில்ல. வீட்ல இனி பால் வாங்க வேண்டாம், இவனையே கறந்துக்கலாம்."

அன்னெலி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இல்வாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் நாற்காலியை டோர்னியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டோர்னி, இதைக் கவனமாக் கேளுங்க. நான் வைக்கற தூள் எலும்பா வளராது. அது வெறும் சாரம். கட்டடத்துக்குக் கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி. அதைப் பிடிச்சு ஏறி வர வேண்டியது உங்க சொந்த எலும்பு. அது ஏறணும்னா ரத்தம் வேணும். சிகரெட்டு அந்தச் சின்ன ரத்தக்குழாய்ங்களைத்தான் முதல்ல சுருக்கும். நிறுத்த முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன், ஆனா இதைச் செய்யவும் மாட்டேன்."

"விட்டுடறேன்."

"நானும் விடறேன்" என்றாள் குன்வோர், யாரும் கேட்காமலே. "ரெண்டு பேர்ல ஒருத்தர் புடிச்சா இன்னொருத்தர் தாங்கமாட்டாங்க."

கிளம்பும்போது இல்வா இன்னொன்றும் சொன்னாள். "இந்தக் கிளினிக்ல நான் தனியா செய்யப்போற முதல் எலும்பு வைப்பு இது. அனுபவப்பட்டவங்க யாராவது வேணும்னா கோத்தன்பர்க்குக்கு அனுப்பறேன்."

டோர்னிக்கு அந்த நேர்மை பிடித்துப்போயிற்று. "நான் முதல்தடவை சுக்கான் புடிச்சப்பவும் ஊர்க்காரங்க நம்பி ஏறத்தான் செஞ்சாங்க" என்றான். அன்றைக்கு அவன் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

செப்டம்பரில் அறுவைசிகிச்சை நடந்தது. வாய் மரத்துப்போயிருந்ததால் வலி இல்லை. ஈறைத் திறந்து வேரைச் சுரண்டும் ஓசை மட்டும் மண்டைக்குள் கேட்டது. இல்வா ஒரு சின்னக் கிண்ணத்தில் வெள்ளைக் குருணையைக் கொட்டி அவனுடைய ரத்தத்திலேயே நனைத்தாள். பார்க்க ஈர மணல்போல இருந்தது. அதைப் பள்ளத்தில் இட்டு, மேலே மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தி, ஈறை இழுத்துத் தைத்தாள். தையல் போடும்போது அவள் நெற்றியில் வியர்வை அரும்பி நின்றதை டோர்னி பார்த்தான். ஒவ்வொரு முடிச்சுக்கும் மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டாள். முடிந்ததும், "அழகா வந்திருக்கு" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

தையல் பிரிக்கும்வரை டோர்னி வாக்குத் தவறவில்லை. ராக்னரிடம் எரிந்து விழுந்தான், ஆனாலும் ஒன்றுகூடத் தொடவில்லை. வீட்டில் குன்வோர் சிகரெட்டுக்குப் பதிலாகக் கறுப்பு நிற உப்பு அதிமதுர மிட்டாயாகத் தின்று தள்ளினாள். "நாக்கு கருத்துப்போச்சு பாரு, தார் ரோடு மாதிரி" என்று நீட்டிக் காட்டுவாள். தையல் பிரித்த அன்று இல்வா புண்ணைப் பார்த்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல "சபாஷ்" என்றாள். அந்தச் சந்தோஷத்தோடுதான் அவன் வேலைக்குத் திரும்பினான்.

அந்த வாரம் மேற்கிலிருந்து புயல். ஃபெர்ரியை இறங்குதுறையில் நேராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒரு பயணத்தில் அலை தூக்கியடித்ததில் முன்வரிசையில் நின்ற கார் ஒன்று இழுபட்டுத் தடுப்பில் முட்டியது. யாருக்கும் அடியில்லை. கரை சேர்ந்து எல்லாரும் இறங்கிப் போன பிறகு டோர்னி தளத்தில் அப்படியே உட்கார்ந்தான். ராக்னர் சிகரெட் ஒன்றைப் பற்றவைத்து அவன் விரலில் செருகினான். மறுக்கவேண்டும் என்ற நினைப்பு வந்தபோது பாதி தீர்ந்திருந்தது.

"ஒண்ணுதானே. அந்தப் பொண்ணு உன் வாய்க்குள்ள காமெராவா வெச்சிருக்கா?" என்றான் ராக்னர்.

ஒன்று என்பது பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று ஆனது. ஃபெர்ரியில் உயிர்காக்கும் அங்கிகள் வைக்கும் பெட்டிக்குள் ஒரு பாக்கெட் குடியேறியது. வீட்டில் பிடிக்கவே இல்லை. வீட்டில் பிடிக்காதவரை அது வேறு கணக்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். டீசல் வாடையில் சிகரெட் வாடை மறைந்துவிடும் என்பது ஒரு வசதி. அதைவிடப் பெரிய வசதி ஒன்று இருந்தது, அதைத்தான் அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சில வருஷங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் குன்வோருக்கு வாசனை அறியும் சக்தி போய்விட்டது, திரும்பி வரவேயில்லை. காலையில் பால் டப்பாவைத் திறந்ததும் அவனிடம் நீட்டுவாள். "கெட்டுப்போச்சா பாரு." அவன் மோந்து பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்பான். அவள் ஊற்றுவாள். மீன், கறி, துவைத்த துணி, அடுப்பில் ஏதாவது தீய்கிறதா என்பது, எல்லாவற்றுக்கும் அவன் மூக்குதான் அவளுக்கும் மூக்கு.

நவம்பரில் ஒருநாள் ஃபெர்ரியின் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தபோது நாக்கில் ஏதோ நெருடியது. விரலில் எடுத்துப் பார்த்தான். வெள்ளையாகக் குருணைகள். மணலோ என்று ஒரு நொடி நினைத்தான், பிறகு புரிந்தது. அவற்றைக் கடலில் துப்பினான். சிகரெட்டையும் எறிந்தான். மாலையில் இன்னொன்றைப் பற்றவைத்தான்.

கிளினிக்கில் வாயைப் பார்த்தவுடனே இல்வாவின் முகம் மாறிவிட்டது. ஈறு பிளந்து உள்ளே போட்ட சவ்வு வெளியே தெரிந்தது.

"ஏதாவது கடினமாக் கடிச்சீங்களா?"

"இல்ல."

"அந்தப் பக்கம் பிரஷ் போட்டீங்களா?"

"இல்ல."

"சிகரெட்டு?"

பக்கத்து நாற்காலியில் குன்வோர் உட்கார்ந்திருந்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள். "தொடவே இல்ல. ஒரே நாள்ல விட்டான், என்னை விடவும் சுத்தமா. நான்கூட ஒருதடவை பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஒரு இழுப்பு வாங்கிட்டேன், இவன் இல்ல."

இல்வா டோர்னியைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்பது அவனுக்கே சரியாக நினைவில்லை. ஆனால் அவள் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டாள்.

"அப்போ என் தையல்லதான் ஏதோ இருக்கணும்" என்றாள் மெதுவாக. "ரொம்ப இறுக்கிட்டேன்போல. மன்னிச்சுக்கோங்க."

மன்னிப்புக் கேட்டது அவள். டோர்னி அதைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறந்தபடி கிடந்தான். அவள் புண்ணைக் கழுவி மருந்து வைத்து, வாராவாரம் வரச் சொன்னாள். ஒவ்வொரு வாரமும் கேட்டாள், ஒவ்வொரு வாரமும் அவன் அதே பொய்யைச் சொன்னான். முதலில் சுவரைப் பார்த்தபடி சொன்னான். பிறகு அவள் கண்ணைப் பார்த்தே சொல்ல வந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் விருந்தில் குன்வோரின் தங்கை குடும்பம் வந்திருந்தது. பன்றித் தொடையும் ஊறவைத்த ஹெர்ரிங்கும் மேசையில். குன்வோர் கோப்பையைத் தூக்கினாள். "என் டோர்னிக்காக. நாப்பது வருஷப் பழக்கத்தை ஒரே வீச்சுல அறுத்துப்போட்டான். இவனைப் பாத்துத்தான் எனக்கும் முடிஞ்சுது." எல்லாரும் கோப்பையைத் தூக்கினார்கள். தங்கை வீட்டுக்காரர் அவன் முதுகில் தட்டி, "எப்படிய்யா விட்டே? எனக்கும் சொல்லு" என்று கேட்டார். "மனசு வெச்சாப் போதும்" என்றான் டோர்னி. சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழுந்ததும் எழுந்து விறகு எடுக்கப் போனான். விறகு ஏற்கெனவே உள்ளே நிறைய இருந்தது.

வசந்தத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் பள்ளம் முன்பைவிட அகலமாகத் தெரிந்தது. வைத்த தூளில் பாதி காணோம், மிச்சம் பல்லைச் சுற்றி ஒட்டாமல் மிதந்தது. எலும்பு சாரத்தில் ஏறவே இல்லை. இல்வா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லை எடுத்துவிடத்தான் வேண்டும் என்றாள். அவளே எடுத்தாள். இழுக்க வேண்டியிருக்கவில்லை, வந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழி முழுக்கக் குன்வோர் கொதித்தாள். "மாசக்கணக்குல அலைஞ்சோம். அவ சொன்ன எல்லாத்தையும் நீ செஞ்சே. எல்லாத்தையும்! கத்துக்குட்டி கையில குடுத்தது நம்ம தப்பு."

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

"உனக்கு எப்பவும் யாரு மேலயும் தப்பில்ல. நல்லவன்னு பேரு வாங்கறதுக்குன்னே பொறந்திருக்கே."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். காரை ஓரம் கட்டி, ரெண்டே வார்த்தையில். அவன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் குன்வோர் அவனிடம் சொல்லாமல் கிளினிக்குக்குப் போய்த் தலைமை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். தன் புருஷன் ஒரு சொல் தவறாமல் கேட்டான், அந்தப் பெண்ணுக்குக் கை சரியில்லை, இன்னொருவர் வாயில் அவளை விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். பள்ளிச் சமையலறையிலும் சொன்னாள். கடையிலும் சொன்னாள். சின்னத் தீவு, எல்லார் வாயிலும் பல் இருக்கிறது, எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

இல்வாவுக்கு என்ன ஆனது என்று டோர்னிக்குத் தெரியவந்தது மே மாதக் கடைசியில். அன்னெலி தன் காரில் ஃபெர்ரியில் ஏறினாள். அவள் அக்கா தீவில் குடியிருந்தாள். அன்று இடம் மாற்றிக்கொண்டு ராக்னர் சுக்கான் பிடிக்க, டோர்னி மேல்தளத்தில் நின்றிருந்தான். கண்ணாடியை இறக்கி அவளாகவே பேச்சுக் கொடுத்தாள்.

"எப்படி இருக்கு, பல் எடுத்த இடம்?"

"ஆறிடுச்சு. இல்வா எப்படி இருக்காங்க?"

"எலும்பு வைக்கற வேலையை அவ இப்போ செய்யறதில்ல. வர்றவங்களை எல்லாம் கோத்தன்பர்க்குக்கு அனுப்பிடறா. உங்க படத்தை எடுத்துட்டுப் போயி அங்க அவளோட பேராசிரியர்கிட்டக்கூட காட்டினா. அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம், ஆளு சிகரெட் புடிக்கலன்னு உறுதியாத் தெரியுமான்னு. இவ சொல்லியிருக்கா, அவரு பொய் சொல்ற மனுஷன் இல்லன்னு."

ஃபெர்ரி கரை தட்டியது. அன்னெலி கையசைத்துவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். பின்னால் நின்ற கார்களுக்கு வழிகாட்ட வேண்டியவன் கையைத் தூக்காமல் நின்றான். ராக்னர் மேலே சுக்கான் அறையிலிருந்து கத்தினான். "டேய், தூங்கறியா?"

அன்று மாலை பெட்டிக்குள்ளிருந்த பாக்கெட்டை எடுத்துக் குப்பையில் போட்டான். மறுநாள் ராக்னரிடம் ஒன்று கேட்டு வாங்கினான். சிகரெட்டை விட்டுவிட்டால் குற்றம் சரியாகிவிடும் என்று நினைத்தது எவ்வளவு மடத்தனம் என்று அவனுக்கே புரிந்தது. விட்டாலும் விடாவிட்டாலும் அந்தப் பெண் கோத்தன்பர்க்கில் போய் அவனுக்காகச் சொன்ன சாட்சி அப்படியே இருந்தது.

ஜூன் மாதத்தில் இல்வாவே ஃபெர்ரியில் வந்தாள். தோழி ஒருத்தியின் கோடை வீட்டுக்கு அடிக்கடி வருவாள்போல. டோர்னி சுக்கான் அறையில் இருந்தான். மேலிருந்து அவளுடைய சின்னப் பச்சைக் காரையும், காரை விட்டிறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்ற அவளையும் கண்டான். சுக்கானை விட்டு இறங்கக்கூடாது என்பது விதி. அன்று அந்த விதி அவனுக்கு எவ்வளவு இனித்தது! அவள் இறங்கிப் போனதும் உட்கார்ந்தான். முதுகு நனைந்திருந்தது.

அடுத்தமுறை அவள் கார் துறையில் நிற்பதைப் பார்த்தவுடனேயே ராக்னரைக் கூப்பிட்டான்.

"நீ புடி."

"ஏன், வயித்துக்கு முடியலையா?"

"புடின்னா புடி."

காற்று பலமாக இருந்தது. இல்வா காருக்குள்ளேயே இருந்தாள். அவனைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினாள். முகத்தில் அந்தப் பழைய மன்னிப்புக் கேட்கும் பாவனை வந்துவிட்டது. அதைப் பார்க்கத் தாங்காமல் அவன் முதலில் பேசிவிட்டான்.

"நான் புடிச்சேன். சிகரெட்டு. தையல் பிரிச்ச வாரத்துலேருந்தே."

அவள் புரியாததுபோலப் பார்த்தாள். பிறகு எஞ்சின் ஏற்கெனவே அணைந்திருந்தும் சாவியைத் திருகி அணைக்கப் பார்த்தாள்.

"நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

"கேட்டீங்க."

"ஒவ்வொரு தடவையும்!" குரல் உயர்ந்தது. பக்கத்துக் காரில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். "அந்தப் படத்தை எத்தனை பேர்கிட்ட காட்டினேன் தெரியுமா? கிழிச்ச இடம் தப்பா, தூளை ரொம்ப அமுக்கிட்டேனா, தையல் தப்பான்னு. கோழிக்கால் வாங்கி வெச்சு மறுபடி தைச்சுப் பழகினேன், முதல் வருஷத்துப் பொண்ணு மாதிரி. போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க, உங்களுக்கு இருந்த அதே மாதிரி பள்ளம். என் கை நடுங்குச்சு. அனுப்பிட்டேன்."

"தப்பு என்னோடது."

"நீங்க புடிச்சீங்கன்னு எனக்குக் கோவமில்ல, டோர்னி. விடறது கஷ்டம், பாதிப் பேரால முடியறதில்ல. சொல்லியிருந்தா வேற வழி பாத்திருப்பேன், பொறுத்துச் செஞ்சிருப்பேன். நீங்க என்னையே எனக்குச் சந்தேகமாக்கிட்டீங்க."

ஃபெர்ரி வேகம் குறைந்தது. சாய்பலகை இறங்கும் சங்கிலியோசை கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரைக் கிளப்பினாள்.

"இப்போ என்கிட்ட சொல்லிட்டீங்க, உங்க மனசு லேசாயிருக்கும். உங்க மனைவி எங்க தலைமை டாக்டர்கிட்ட சொன்னதை யாரு போயி எடுக்கறது?"

கார் போய்விட்டது. மனசு லேசாகவில்லை. குன்வோர் கிளினிக்குக்குப் போன செய்தியே அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

வீட்டில் குன்வோர் சமையலறை மேசையில் புது உருளைக்கிழங்கைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் உட்காராமலே சொன்னான். புயலில் ஆரம்பித்தது, பெட்டிக்குள் வைத்திருந்த பாக்கெட், வாரா வாரம் சொன்ன பொய், இன்று ஃபெர்ரியில் நடந்தது எல்லாம். அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கேட்டாள்.

"எனக்கு மூக்கு இல்லங்கறதாலதானே?"

அவன் நாற்காலியை இழுத்தான், உட்காரவில்லை.

"தினம் காலையில பாலை உன்கிட்ட நீட்டினேன். நீ மோந்து பாத்துச் சொன்னதைக் குடிச்சேன். அதே மூக்கு, அதே வாய். கிறிஸ்துமஸுக்கு எல்லார் முன்னாடியும் உனக்காகக் கோப்பையைத் தூக்கினேன். அந்தச் சின்னப் பொண்ணை ஊர் முழுக்கச் சந்தி சிரிக்க வெச்சேன். உனக்காக, டோர்னி. உனக்காகத்தான் அவ்வளவும்."

"நான் போயி சொல்லிடறேன்."

"நீ உன்னோடதைச் சொல்லு. என் வாயிலேருந்து வந்ததை நான்தான் எடுக்கணும். சேந்து போகவேண்டாம். உன் பக்கத்துல நின்னுக்கிட்டு இன்னொரு தடவை பேச என்னால முடியாது."

மறுநாள் காலை பால் டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டியில் ஊற்றி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் காபியில் சேர்த்தாள். டோர்னி எதிரே உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

குன்வோர்தான் முதலில் போனாள். என்ன பேசினாள் என்று அவள் வீட்டில் சொல்லவில்லை. கடையிலும் பள்ளிச் சமையலறையிலும் மட்டும், தான் சொன்னது தவறு, அந்த டாக்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை, தப்பு எங்கள் வீட்டில் இருந்தது என்று நேராகச் சொன்னாள். எதனால் என்று கேட்டவர்களிடம், "அதை டோர்னியைக் கேளுங்க" என்று முடித்துக்கொண்டாள். கேட்டார்கள். ஃபெர்ரியில் காரை ஏற்றும்போது, இறக்கும்போது, தபால் எடுக்கும்போது கேட்டார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் சொன்னான். சிலர் சிரித்தார்கள், சிலர் தோளைத் தட்டினார்கள். எதுவும் உதவவில்லை. சிரிக்காமலும் தட்டாமலும் நின்ற ஒரே ஆள் ராக்னர்தான். "நான்தான்டா முதல்ல குடுத்தேன்" என்றான் சிறுத்துப்போன குரலில். "நான்தான் வாங்கினேன்" என்றான் டோர்னி.

அவன் கிளினிக்குக்குப் போனபோது தலைமை டாக்டர், இல்வா, அன்னெலி மூன்று பேரும் இருந்தார்கள். அவன் நின்றுகொண்டே சொன்னான். தலைமை டாக்டர் நரைத்த, சாந்தமான மனிதர். கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி" என்றார். பிறகு அவனை விட்டுவிட்டு இல்வாவின் பக்கம் திரும்பினார். "செவ்வாய்க்கிழமை ஒருத்தர் வர்றாரு. மேல்பல், ஆழமான பள்ளம். நீ பண்றியா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் இல்வா. டோர்னியின் முகத்தைப் பார்க்காமலே அறையை விட்டுப் போனாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் செய்யவில்லை. அதற்கடுத்ததும் செய்யவில்லை. இலையுதிர்காலம் பிறந்து ஒருநாள் ஃபெர்ரியில் அன்னெலி கண்ணாடியை இறக்கி, "நேத்து ஒண்ணு பண்ணினா. கை நடுங்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். டோர்னி மற்றக் கார்களை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினான்.

சிகரெட்டை விட்டான். நேராக விடவில்லை. நிகோட்டின் கோந்து மென்று, நடுவில் ஒருமுறை சறுக்கி, அன்று மாலையே குன்வோரிடம் போய்ச் சொல்லி, மறுபடி விட்டான். சறுக்கியதைச் சொன்ன அன்று அவள் திட்டவில்லை. "சொன்னியே" என்றாள், அவ்வளவுதான். இருவருக்கும் நடுவில் பேச்சு மெல்லத் திரும்பியது. முதலில் கிண்டல் திரும்பியது, பிறகு மற்றதெல்லாம். ஆனால் அவன் சொல்வதை அவள் கேட்கும்போது முன்பு இல்லாத ஒரு சின்ன இடைவெளி விழும், எடைபோட்டுப் பார்ப்பதுபோல. அது போகவேயில்லை.

மிச்சமிருந்த பற்களுக்காக அவன் ஆண்டுக்கு நான்கு முறை இல்வாவிடம் போய்க்கொண்டிருந்தான். வேறு டாக்டரிடம் மாற்றிவிடட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றான். அவளும் வற்புறுத்தவில்லை. ஈறு நன்றாக இருந்தது. ரத்தம் கசிவது நின்றிருந்தது, எலும்பு மேலும் கரையவில்லை. அளவுகோலை இறக்கி அவள் சொன்ன எண்களெல்லாம் சின்ன எண்கள். அன்னெலி எழுதிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்ததும் இல்வா எப்போதும்போலக் கேட்பாள். "சிகரெட்டு?"

"இல்ல. நிஜமாவே இல்ல."

அவள் இழுப்பறையிலிருந்து மூச்சில் சிகரெட் புகை இருக்கிறதா என்று அளக்கும் சின்னக் கருவியை எடுத்துப் புதுக் குழாயைச் செருகி அவனிடம் நீட்டுவாள். மற்ற நோயாளிகளுக்கும் இப்போது அப்படித்தான் என்று அன்னெலி ஒருமுறை சமாதானம் சொன்னாள். அவனுக்குப் பிறகுதான் அது வந்தது என்பதை அவள் சொல்லவில்லை, அவனுக்கு யாரும் சொல்லவும் தேவையிருக்கவில்லை. டோர்னி மூச்சை நிறுத்திப் பிடித்து, கடைசிவரை ஊதுவான். சுத்தமான மூச்சுக்கு வரவேண்டிய எண்தான் வரும். "நல்லது" என்பாள் இல்வா. மரியாதையாக, கையுறையைக் கழற்றியபடி.

ஊதாமலே அவள் நம்பும் நாள் ஒன்று வரும் என்று அவன் சில வருஷம் எதிர்பார்த்தான். பிறகு எதிர்பார்ப்பதை விட்டான். அவள் கேட்குமுன்பே குழாய்க்குக் கையை நீட்டப் பழகிக்கொண்டான்.